பதினோராவது சன்னம்

அஞ்சலினா அக்காவுக்கு எளிதில் அருவருப்பு வராது. திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். காலை ஏழரைக்கு வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், மத்தியானம் வரை அவள் முன்னால் வந்து நிற்பதெல்லாம் மற்றவர்களின் சளியும் மூத்திரமும் இரத்தமும்தான். கண்ணாடித் துண்டில் பூசுவாள், சாயம் போடுவாள், நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள், எண்ணுவாள். பத்தரைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு மீன் பணிஸ் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் போய் அடுத்த குப்பியைத் திறப்பாள்.

"மனிசருக்குள்ள இருந்து வாறதுதானே. அதில என்ன அருவருப்பு?" என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஜக்கெற்றை முகர்ந்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்து, பத்துப் பேர் படுக்கும் அறைகளிலும் ஒரு சரக்குக் கப்பலின் குசினியிலும் காலம் தள்ளிவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தேன். அப்படியொரு நாற்றம் எனக்கும் வேறெங்கும் கிடைத்ததில்லை.

அவள் என் பெரியம்மாவின் மகள். வயது முப்பத்துமூன்று. கலியாணம் கட்டவில்லை. இந்த மூன்றாவது செய்தியைச் சேர்க்காமல் ஊரில் எவரும் அவளைப் பற்றி ஒரு வசனம் பேசுவதில்லை என்பதால் நானும் சொல்லித் தொலைக்கிறேன்.

துவக்குச் சுடுவதற்கு அவளைக் கூப்பிட்டவர் மெல்ரோய் சேர். துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இலக்குச் சுடும் கழகம் ஒன்றின் செயலாளர். சீனி வருத்தத்துக்கு இரத்தம் கொடுக்க ஆய்வுகூடத்துக்கு வந்தவர், பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா வேலை செய்வதைக் கனநேரம் பார்த்திருக்கிறார்.

"மிஸ், நீங்கள் மற்றக் கண்ணை மூடுறேல்லையோ?"

"மூடினால் பின்னேரம் தலையிடிக்கும் சேர். ரெண்டும் திறந்திருக்கும். ஒண்டு பாக்கும், மற்றது சும்மா இருக்கும்."

"என்ர ஆம்பிளையளுக்கு இதைப் பழக்க எனக்கு ரெண்டு வருசம் போச்சு. சனிக்கிழமை ஒருக்கா வந்து பாருங்கோவன்."

அவள் போனாள். ஏன் போனாய் என்று பிறகு கேட்டபோது, "பதினொரு வருசத்தில ஒராள் எனக்கு ஏதோ வருமெண்டு சொன்னது அதுதான் முதல்" என்றாள்.

பெரியம்மாவிடம் விசயத்தைச் சொன்ன அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். பெரியம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"துவக்கோ? இந்த வீட்டுக்குள்ள அந்தச் சொல்லைக் கொண்டு வராதை."

"அம்மா, இது வெடிமருந்து இல்லை, காத்தடிச்சுச் சுடுறது. பத்து மீற்றர் தூரம். கடதாசியில ஓட்டை விழும், அவ்வளவுதான்."

"எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொன்னவை" என்றார் பெரியம்மா. அதற்குப் பிறகு மூன்று நாள் மகளோடு கதைக்கவில்லை.

கழகம் இருந்த இடம் உள்துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கருவாட்டுக் களஞ்சியம். நீளம் போதும் என்பதால் எடுத்திருக்கிறார்கள். சுவருக்கு மூன்று தரம் வெள்ளையடித்தும் மணம் போகவில்லை. மழைக்காலத்தில் சீமெந்து வியர்க்கும். அந்த வியர்வையும் கருவாடாக மணக்கும். கூரை மரத்தில் வௌவால்கள். காலையில் வந்தவுடன் முதல் வேலை அவற்றின் எச்சத்தைக் கூட்டுவது. அந்த வேலையைப் பெண்கள் செய்வார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. தும்புத்தடி எப்போதும் பெண்கள் நிற்கும் பக்கத்தில்தான் சாத்தியிருக்கும்.

சுடுவதற்கு ஐந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். எதிர்ச் சுவரில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் பத்து வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு சன்னம், அதாவது ஒரு சின்ன ஈயக் குண்டு. நடுவில் பட்டால் பத்து, விலக விலகக் குறையும். அட்டைக்குக் கீழே ஒன்று முதல் ஐந்து வரை இலக்கம் எழுதியிருந்தது. கடற்காற்றில் அதன் மை வெளிறி, மூன்று எது, நான்கு எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

இனி அந்த ஜக்கெற். தடித்த கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்தது. பலகை போல விறைப்பாக இருக்கும். அதைப் போட்டு இறுக்கினால் முதுகு அசையாது, துவக்கு ஆடாது. கழுவினால் அந்த விறைப்புப் போய்விடும். அதனால் சுடுகிறவர்கள் எவரும் அதைக் கழுவுவதில்லை. இது உலகம் முழுக்க உள்ள வழக்கமாம். ஆனால் உலகத்தில் ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். இங்கே பதினாலு பேருக்கு இரண்டு. கொழும்பில் யாரோ ஒன்பது வருடத்துக்கு முன் பாவித்துக் கழித்துக் கொடுத்தவை. ஏழு மணிக்கு ஆண்கள் தொடங்குவார்கள். ஒன்பதரைக்குப் பெண்களின் முறை வரும்போது அந்த இரண்டும் ஐந்தாறு ஆண்களின் வியர்வையில் ஊறி, கழுத்துப் பட்டி வழவழவென்று இருக்கும்.

"வெயிலிலயாவது போடலாமே சேர்?" என்று அக்கா கேட்டாள்.

"வெயில் பட்டால் தோல் வெடிக்கும் பிள்ளை. கழுவினால் செத்துப் போகும். உள்ளுக்க இருக்கட்டும்."

உள்ளே என்றால் அலுமாரிக்குள், பூச்சி உருண்டைகளோடு, பூட்டி. திறப்பு மெல்ரோய் சேரின் இடுப்பில்.

இரண்டாம் கிழமை அக்கா ஒரு பஞ்சுக் குச்சியால் கழுத்துப் பட்டியைத் துடைத்து எடுத்துப்போய், திங்கட்கிழமை கண்ணாடியில் பூசி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதென்ன, நூல் நூலா?"

"பூஞ்சணம். அங்கால உருண்டையா இருக்கிறது மெல்ரோய் சேரின்ர கழுத்து."

அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள். சனிக்கிழமை மறுபடியும் போனாள். கழுத்தில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அதே ஜக்கெற்றுக்குள் புகுந்தாள். ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில் துவக்கை இறக்கி, முகத்தை நன்றாகத் திருப்பி, ஜன்னல் பக்கத்துக் காற்றில் ஒரு மூச்சு எடுத்துவிட்டுத் திரும்பவும் வந்து கன்னத்தை வைப்பாள். இதுவே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

மணத்தைவிட மோசமானது மெல்ரோய் சேரின் கை. நிற்கும் விதத்தைத் திருத்துகிறேன் என்று ஆண்களுக்கு வாயாலும் பெண்களுக்குக் கையாலும் சொல்லிக்கொடுப்பார். "இடுப்பைத் தள்ளுங்கோ பிள்ளை, இன்னும் கொஞ்சம்" என்று இடுப்பைப் பிடிப்பார். முதல் முறை அக்கா விலகி நின்றாள். இரண்டாம் முறை துவக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சேர், வாயால சொல்லுங்கோ. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் இருமினார். அதற்குப் பிறகு மெல்ரோய் சேர் அவளை 'பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி 'மிஸ்' என்றார்.

இவ்வளவு அசிங்கத்துக்குள்ளும் ஏன் போகிறாய் என்று கேட்டேன். அவள் விளங்கப்படுத்திய விதம் எனக்கு நினைவிருக்கிறது. துவக்கின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதற்குள்ளால் பார்த்தால் முன்னால் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று வந்து உட்காரும். "அந்த மூண்டு செக்கனுக்கு ஒருத்தரும் இல்லை சீலா. மெல்ரோயும் இல்லை, அம்மாவும் இல்லை, நானும் இல்லை. வட்டம் மட்டும்தான்."

துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. ஆகவே பிளாஸ்ரிக் குழாய் ஒன்றுக்குள் மணல் நிரப்பி, வேலைக்குப் போகுமுன் முற்றத்தில் அரை மணி நேரம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பாள். பெரியம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்வார். நாற்பது சூட்டுக்கு நானூறு புள்ளி என்றால் தொடக்கத்தில் அக்காவுக்கு இருநூற்றுச் சொச்சம் வந்தது. எட்டு மாதத்தில் முந்நூற்று நாற்பதைத் தொட்டாள்.

அதைத் தொட்ட இன்னொருத்தி அஸ்மியா. கிண்ணியாக்காரி. வயது இருபத்துநாலு. மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமைகளில் தம்பியோடு பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வருவாள். தம்பி வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பான். முக்காட்டை ஊசிகளால் இறுகக் குத்தி, அதற்கு மேல் மற்ற ஜக்கெற்றைப் போடுவாள். குளிசை எண்ணிப் பழகிய கை. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு போத்தல் மூடியில் பத்துச் சன்னத்தை எண்ணிப் போட்டுக்கொள்வாள். மூடி காலியானால் அட்டை முடிந்தது. மற்றவர்கள் எல்லோரும் பொதுத் தகரத்துக்குள் விரலை விட்டு அள்ளிச் சுடுவார்கள்.

இரண்டு ஜக்கெற்றுக்கும் பெயர் வைத்தவளும் அவள்தான்.

"அக்கா, இண்டைக்கு ஒங்களுக்கு எது? செத்த எலியா, செத்த மீனா?"

"போன கிழமை எலி. இண்டைக்கு மீனைத் தாரும்."

"எடுங்க. ஆனா இண்டைக்கு மீன் எலியத் திண்டிருக்கு போல."

இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் களஞ்சியத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

கொழும்பில் புதியவர்களுக்கான போட்டி என்று அறிவித்தல் வந்தது. கழகத்துக்கு ஆண்களில் இருவர், பெண்களில் ஒருவர். அந்த ஒருவரைத் தெரிவுசெய்ய செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை சுட்டுப் பார்த்தார்கள். அக்கா அதற்கு முன் ஒருநாளும் எதற்கும் தெரிவானவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டத்துக்குக்கூட. அந்தக் கிழமை முழுவதும் நகம் கடித்தாள். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் நகம் கடிப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அவளே சொல்வாள்.

புள்ளி எழுத ஆள் இல்லையென்று மெல்ரோய் சேர் என்னை ஒரு கதிரையில் இருத்தினார். பெண்கள் நாலு பேர், ஜக்கெற் இரண்டு என்பதால் இரண்டு இரண்டு பேராகச் சுட்டார்கள். அக்கா மூன்றாம் இடம், அஸ்மியா நாலாம் இடம். ஐந்தாம் இடம் வெறுமை. மணி பதினொன்று. கூரைத் தகரம் கொதித்தது. அன்று ஆண்கள் எல்லாரும் கூடுதலாகச் சுட்டிருந்ததால் எலியும் மீனும் சொட்டச் சொட்ட வந்தன. அக்கா கையைப் புகுத்தும்போது உள்ளே துணி சதக்கென்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

நாலு அட்டை, நாற்பது சூடு. முடிந்ததும் மெல்ரோய் சேர் உருப்பெருக்கியோடு உட்கார்ந்து ஒவ்வோர் ஓட்டையாகப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். அஸ்மியாவின் மூன்றாவது அட்டையில் அவர் கை நின்றது.

"இதில பதினொரு ஓட்டை இருக்கு."

ஏழாம் வட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று ஒன்பது. மற்றது சரியாக நடுவில், பத்து.

"இல்ல சேர். நான் பத்துத்தான் சுட்டன்" என்றாள் அஸ்மியா. "மூடியில எண்ணி வச்சித்தான் சுட்டன்."

"அப்ப பதினோராவது வானத்தில இருந்து விழுந்ததோ?"

ஆண்கள் சுற்றி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "கிண்ணியாக் கணக்கில பத்தெண்டால் பதினொண்டாக்கும்." இன்னொருவர், "மருந்துக்கடையிலும் இப்பிடிக் கூடக் குடுத்தால் நல்லதுதானே" என்றார். சிரித்தார்கள். ஒருவருக்குத் தேநீர் மூக்கால் வந்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"பக்கத்து அட்டையைப் பாருங்க சேர்" என்றாள் அஸ்மியா.

அவர் அக்காவின் மூன்றாவது அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்தா, பத்து. பாத்தாச்சு. நீர்தான் எண்ணிக்கை பிழைச்சிருக்கிறீர்."

ஒரு வட்டத்தில் இரண்டு தரம் சுட்டால் குறைந்த புள்ளிதான் கணக்கில் வரும், அதோடு இரண்டு புள்ளி வெட்டு. முந்நூற்று நாற்பத்துமூன்றாக இருக்க வேண்டியது முந்நூற்று நாற்பத்தொன்றானது. அக்காவுக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு. என் கையாலேயே எழுதினேன். அஸ்மியா ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முக்காட்டைச் சரிசெய்து, திரும்பக் குத்திக்கொண்டு போனாள். ஆண்கள் அக்காவுக்குக் கைதட்டினார்கள்.

சன்னம் ஈயம் என்பதால் சுட்ட பிறகு கை கழுவ வேண்டும். முற்றத்துக் குழாயடியில் அக்கா கழுவத் தொடங்கினாள். நான் ஸ்கூட்டியில் காத்திருந்தேன். சவர்க்காரத்தை மூன்றாம் தரம் போட்டாள்.

"எவ்வளவு நேரம் அக்கா கழுவுவீங்கள்?"

"அஸ்மியா பத்துத்தான் சுட்டவ."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பதினோராவது என்ர."

குழாயை மூடாமலே சொன்னாள். ஏழாவது சூட்டுக்கு முன் வழக்கம் போல முகத்தைத் திருப்பிக் காற்று எடுத்திருக்கிறாள். திரும்பி வந்து ஓட்டைக்குள் பார்த்தால் எல்லா அட்டையும் ஒன்றுதான், வெள்ளையில் கறுப்பு வட்டம். சுட்டுவிட்டுத் தலையைத் தூக்கினால், குழல் நீட்டிக்கொண்டிருந்தது நாலாம் அட்டையை. ஒருவரும் கவனிக்கவில்லை. பக்கத்து அட்டையில் சுட்டால் அந்தச் சூடு பூச்சியம் என்பது அவளுக்குத் தெரியும். தகரத்திலிருந்து இன்னொரு சன்னத்தை எடுத்துப் போட்டு, தன்னுடைய ஏழாம் வட்டத்தில் சுட்டாள். எட்டு விழுந்தது.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொல்ல வாயைத் திறந்தனான். அந்த நாத்தம் வாய்க்குள்ள போச்சு. மூடிட்டன்." சவர்க்காரத்தைக் கீழே வைத்தாள். "அது பொய். எனக்குக் கொழும்புக்குப் போகவேணும் போல இருந்தது."

"அவங்கள் சிரிக்கேக்க?"

"சிரிக்கேக்கயும்தான்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பத்து அன்று அவள் சுட்டதில் ஆகச் சிறந்த சூடு. தன் அட்டையில் விழுந்திருந்தால் முந்நூற்று நாற்பத்துநாலு, நேர்மையாகவே வென்றிருப்பாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கவலை இருந்தது. அந்தக் கவலைதான் எனக்கு அன்றைய நாளில் எல்லாவற்றையும்விடக் கசந்தது. நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வளவில் மெல்ரோய் சேரைப் பிடித்தோம். வெள்ளைச் சேட்டும் முகத்துப் பவுடருமாக நின்றார். அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. ஐந்தாம் இடம் வெறுமையாக இருந்தது அவருக்கும் தெரியும்தானே.

"விடும் பிள்ளை. பேர் அனுப்பியாச்சு."

"மாத்தலாம்தானே சேர்."

"மாத்தி? அந்தப் பிள்ளையைக் கொழும்புக்குப் போக வீட்டில விடுவினமோ என்னவோ. எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கு." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீர் எங்கட ஆள்."

சொல்லிவிட்டுத் தோளில் தட்டினார். சற்று முன்புதான் பூசையில் அந்தக் கையை ஏந்தி நற்கருணை அப்பம் வாங்கியவர். அக்கா அந்த இடத்திலேயே தோளைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் கிண்ணியாவுக்குப் போனோம். மருந்துக்கடையில் அஸ்மியா தட்டில் குளிசை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடிக்கும் வரை நிமிரவில்லை. உறையில் போட்டு, வந்தவரை அனுப்பிவிட்டு, "சொல்லுங்க அக்கா" என்றாள்.

அக்கா சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அஸ்மியா. "நான் எண்ணினது பிழைக்காது. அங்கால பக்கம் ஒருத்தரும் நிக்கல்ல. அப்ப நீங்கதானே."

"ஏன் அண்டைக்கு அதைச் சொல்லேல்லை?"

"நான் சொல்லி அவங்க நம்புவாங்களா? நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு நிண்டன். ஊசியெல்லாம் கழட்டித் திரும்பக் குத்தினன். அதுக்குள்ளயாவது சொல்லுவீங்க எண்டு."

அக்கா ஏதோ சொல்லத் தொடங்கினாள். மன்னிப்பு என்ற சொல் பாதி வந்தது.

"இங்க வந்து எனக்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் பத்துச் சுட்டது எனக்குத் தெரியும். அவங்க சிரிச்ச எடத்தில சொல்லுங்க. சிரிச்ச ஆக்களுக்கு முன்னால." அடுத்தவர் நீட்டிய மருந்துத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "கொழும்புக்கு நான் போறதும் போகாததும் ரெண்டாவது கதை."

செவ்வாய்க்கிழமை அக்கா கொழும்பில் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் எடுத்தாள். அடுத்த புதன் வரை பெயர் மாற்றலாம், செயலாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். என்னைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தாள். மூன்று வரிதான். நான் நாலாவது வரியாக அவள் மனவருத்தத்தைச் சேர்த்தேன். வெட்டச் சொன்னாள்.

சனிக்கிழமை ஒன்பதரை. ஆண்கள் முடித்து ஜக்கெற்றைக் கழற்றும் நேரம், பெண்கள் வரும் நேரம். எல்லாரும் இருப்பது அப்போதுதான். அஸ்மியா கதவடியில் நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

"ஒரு கதை சொல்லவேணும்" என்றாள் அக்கா. "போன கிழமை அஸ்மியாவின்ர அட்டையில இருந்த பதினோராவது ஓட்டை நான் சுட்டது. தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் நிண்டனான். அஸ்மியா சுட்டது பத்து. நீங்கள் சிரிச்சது பிழை. நான் உங்களைச் சிரிக்க விட்டது அதைவிடப் பிழை."

பழக்கத்தில் ஒருவர் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். தேநீர் மூக்கால் வந்தவர் சொன்னார்: "விடுங்கோ மிஸ். ஆரும் உங்களைப் பயமுறுத்தினவையோ?" சொல்லிக்கொண்டே கதவடியைப் பார்த்தார்.

"ஓம். என்ர மூஞ்சை. கண்ணாடியில பாத்துப் பயந்தனான்."

மெல்ரோய் சேரிடம் கடிதத்தை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எண்ணிச் சரி பாத்த அட்டை. இப்ப மாத்தினால் கழகத்தின்ர பேர் என்ன ஆகும்?"

"அதை நான் யோசிக்கேல்லை சேர்."

"நான் கையெழுத்து வைக்காட்டி?"

"வைக்காட்டி நான் போவன். போய், முதல் சூட்டுக்கு முன்னம் அங்க நடுவரிட்ட இதையே சொல்லுவன். கோயில் வளவில நீங்கள் சொன்னதையும் சேர்த்து."

அவருடைய கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது. பேனை கேட்டார். நான் கொடுத்தேன். கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை என் கையில் தராமல் மேசையில் எறிந்தார். நான் புள்ளித் தாளை எடுத்து முந்நூற்று நாற்பத்திரண்டை வெட்டி முந்நூற்று முப்பத்துநாலு என்று எழுதினேன். அஸ்மியாவுக்கு முந்நூற்று நாற்பத்துமூன்று. வெட்டிய எண்ணும் தெரியும்படி விடச் சொன்னாள் அக்கா.

அஸ்மியா உள்ளே வந்தாள். அக்காவைக் கடந்து போய்த் தன் போத்தல் மூடியை எடுத்து, பத்துச் சன்னத்தை எண்ணிப் போட்டாள்.

கொழும்புக்குத் தம்பியோடு போனாள். அறுபது பேரில் முப்பத்தோராவதாக வந்தாள். முந்நூற்று நாற்பத்தெட்டு. பத்திரிகையில் வரும் இடமில்லை அது. ஆனால் இந்தக் கழகத்துப் பெண் ஒருத்தி அதுவரை எடுத்ததில் அதுதான் கூட. மெல்ரோய் சேர் அடுத்த சனிக்கிழமை அவளோடு நின்று படம் எடுத்து, தான் பழக்கிய பிள்ளை என்று முகநூலில் போட்டார். படத்தில் அவருடைய கை அவள் தோளுக்கு ஓர் அங்குலம் மேலே காற்றில் நிற்கிறது. அவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா இன்னும் போகிறாள். இவ்வளவுக்குப் பிறகுமா என்று கேட்டேன். "அவங்கட களஞ்சியமோ அது? நானும்தான் எச்சம் கூட்டினனான்" என்றாள். நான் போவதை நிறுத்திவிட்டேன். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அஸ்மியா இப்போது முதலாம் இடத்தில் நிற்கிறாள். அக்கா மூன்றாம் இடத்தில். இரண்டாம் இடத்தை ஒருத்தருக்கும் விடாமல் அஸ்மியா தன் பையை அங்கே வைக்கிறாளாம். வந்தால் ஸலாம் சொல்வாள், போகும்போது போயிட்டு வாறன் என்பாள். எந்த ஜக்கெற் என்று கேட்பதில்லை. கிட்ட இருப்பதை எடுத்துக்கொள்கிறாள்.

"ஒருநாள் சரியாகும் அக்கா" என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் யார் யாருக்கோ சொல்லிப் பழகிய வாய்.

"ஏன் சரியாகவேணும்?" என்றாள் அவள், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே. "ஒரு கிழமை முழுக்க அவளைப் பொய்க்காரியா நிக்க விட்டனான். பை அங்கயே இருக்கட்டும்."